தலைவர் வீட்டுக் கிடாவும் எங்கள் அக்காவும்

“ஆம்பள திருடுனா அது செய்தி. பொம்பள திருடுனா அது கதை.”

இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் அப்போது எங்கள் மாசாய் தாமான் குடியிருப்பில் கிடையாது. சொன்னவர் எனக்குக் கூடப் பிறந்த அக்கா இல்லை. எங்கள் வரிசையில் கடைசிக்கு முந்தின வீட்டுக்காரர். பாசிர் கூடாங்கில் எங்கள் இருவருக்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே வேன். அந்த வேனில் ஏறுகிற பெண்கள் எல்லாருக்கும் அவர் அக்காதான். அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது சம்பளச் சீட்டு ஒன்றுதான்.

வருடத்துக்கு ஒரு நாடகம் போடுவார், கோயில் திருவிழாவில். எழுதுவது, சொல்லிக் கொடுப்பது, திரைச்சீலை தைப்பது எல்லாம் அவரே. எல்லா நாடகமும் அந்தக் காலத்து ரப்பர் தோட்டத்தில் நடக்கும். எல்லாத் தோட்டத்திலும் ஒரு பெண் எதையாவது திருடுவாள், கடத்துவாள், அதுவும் இல்லையென்றால் சாராயம் காய்ச்சுவாள். ஏன் அக்கா, நல்ல பெண்ணே உங்கள் கண்ணில் படாதா என்று ஒருமுறை கேட்டேன். வேன் குலுங்கலில் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

“தோட்டத்துல நம்ம பொம்பளைங்க கஷ்டப்பட்டாங்க, கஷ்டப்பட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. கஷ்டப்பட்டவங்க சும்மாவா இருந்திருப்பாங்க?”

அக்கா பேசினால் அப்படித்தான். நாம் வேறு ஏதோ கேட்டிருப்போம், அவர் வேறு எங்கோ போய்ப் பதிலை எடுத்து வந்திருப்பார், கடைசியில் பார்த்தால் அதுதான் சரியாக இருக்கும்.

ஆனால் அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது இதுவல்ல. எதையும் செய்து பார்க்காமல் அக்கா எழுதமாட்டார். கதையில் ஒருத்தி ஒரு பொருளைத் திருட வேண்டுமானால், அதை உண்மையில் திருட முடியுமா என்று முதலில் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நடக்காத காரியத்தை மேடையில் செய்தால் கடைசி வரிசையில் கச்சாங் கடலை கொறிக்கிறவனுக்குத் தெரிந்துவிடும் என்பார். ஆகவே எங்கள் தாமானில் அவ்வப்போது பொருள்கள் காணாமல் போகும். துடைப்பம், தேங்காய் துருவி, யார் வீட்டுக் கதவுச் சாவியோ. மறுநாள் திரும்பி வரும், கூடவே ஒரு பொட்டலம் முறுக்கோ ஒரு கட்டுக் கறிவேப்பிலையோ வரும். ஒருமுறை பக்கத்து வீட்டுக் கொடித் துணியை மொத்தமாக அள்ளிப் போய், இஸ்திரி போட்டு மடித்துக் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் பெண்கள் வேண்டுமென்றே துணியை வெளியில் விட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள்.

“திருப்பிக் குடுக்கும்போது கஞ்சத்தனம் பாக்கக் கூடாது. அப்புறம் நம்மளத் திருடின்னு நினைச்சிருவாங்க” என்பது அக்காவின் சட்டம்.

நான் எப்படி உள்ளே இழுக்கப்பட்டேன் என்று சொல்கிறேன். நான் தாமானுக்குக் குடிவந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அக்கா வந்து, நீ நல்ல நடை நடக்கிறாய் என்றார். அதுவரை யாரும் என் நடையைப் பாராட்டியதில்லை. மயங்கிவிட்டேன். விஷயம் என்னவென்றால், அந்த வருட நாடகத்தில் ஒரு பால்மரக்காரி ஒட்டுப்பாலைச் சாரோங்குக்குள் கட்டிக்கொண்டு காவல்காரனைத் தாண்டிப் போக வேண்டும். ஒட்டுப்பால் என்றால் மரத்தில் வெட்டின கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர். அதைச் சுரண்டி எடுத்துக் கட்டியாக உருட்டி வைப்பார்கள். எங்கள் பக்கம் ரப்பர் மரமெல்லாம் போய் வீடுகள் வந்து எத்தனையோ காலம் ஆகிறது. ஒட்டுப்பாலுக்கு எங்கே போவது? ரொட்டிக்குப் பிசைந்த மாவு அதே கனம், அதே வழவழப்பு என்று அக்கா கண்டுபிடித்தார். ஒரு பெரிய உருண்டையை என் இடுப்பில் கட்டி, முச்சந்தியில் இருக்கும் சீனர் மளிகைக் கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்று அனுப்பினார்.

போகும்போது நன்றாகத்தான் போனேன். திரும்பும்போது வெயிலில் மாவு இளகிவிட்டது. கடை வாசலிலேயே அது என் காலோடு இறங்கிச் செருப்பின் மேல் வந்து உட்கார்ந்தது. கல்லாவில் இருந்த தவுக்கே, கடை முதலாளி, எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. “அச்சி, தெப்போங் ஜாத்தோ லா” என்றார். மாவு விழுந்துவிட்டதாம். அதைக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். நான் அழாத குறையாக வீட்டுக்கு வந்தால் அக்கா துள்ளிக் குதிக்கிறார். அப்படியானால் ஒட்டுப்பால் எடுத்தவள் காலையில்தான் எடுத்திருக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் தாண்டியிருக்க வேண்டும், இத்தனை நாளாக இது தெரியாமல் மத்தியானத்துக்குக் காட்சி எழுதி வைத்திருந்தேனே என்று தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். என் மானம் போனது ஒரு காட்சியின் நேரத்தை மாற்றுவதற்கு உதவியது.

அடுத்த வருடம் சாராயம். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் ஒருத்தி சம்சு காய்ச்சித் தொட்டிலுக்குக் கீழே பானையை ஒளித்து வைக்கிறாள், போலீஸ் வருகிறது. அக்கா சாராயம் எல்லாம் காய்ச்சவில்லை. பானை நிறைய ரசம் வைத்து, எங்கள் சிநேகிதி சரசுவின் வீட்டுத் தொட்டிலுக்குக் கீழே தள்ளி, மேலே குழந்தையையும் போட்டுவிட்டு, அதே வரிசையில் இருந்த ஒரு நிஜப் போலீஸ்காரரை டீ குடிக்கக் கூப்பிட்டார். வாசனை வருகிறதா இல்லையா என்று தெரிய வேண்டுமாம். மனிதர் வந்தார், உட்கார்ந்தார், மூக்கை இரண்டு பக்கமும் திருப்பினார். நேராகத் தொட்டிலிடம் போய்க் குனிந்து பானையை வெளியே இழுத்தார். பிறகு, சோறு இருக்கிறதா என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். ஒளித்து வைக்கும் இடம் சரியில்லை என்று அக்கா காட்சியை மாற்றினார்.

அந்த நாடகத்தால்தான் வம்பு வந்தது. கோயில் மேடையில் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று யாரோ போய்த் தலைவரிடம் சொன்னார்கள். கோயில் நிர்வாகத் தலைவரைச் சொல்கிறேன். டயர் கடை வைத்திருந்தார். உருண்டையான மனிதர், நல்லவர், ஆனால் மைக் கையில் வந்தால் குரல் மாறிவிடும். அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அப்போதுதான் ஒரு கரோக்கே செட் வாங்கியிருந்தான். ஐஸ்பெட்டி உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். திருவிழாவில் அந்த ஒரு மணி நேரத்தைத் தனக்குக் கொடுக்கும்படி நச்சரித்துக்கொண்டிருந்தான். தலைவர் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு புகார் வந்தாலும் நாடகம் கிடையாது, அந்த நேரம் கரோக்கேக்குப் போகும், அந்த வருடம் மட்டுமல்ல, இனி எப்போதும்.

தொழிற்சாலையில் அவருக்கு வேலை, பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளைப் பார்த்துப் பழுது கண்டுபிடிப்பது. அன்றைக்கு வேனை விட்டு இறங்கும்போது சொன்னார்.

“வருஷம் பூரா கண்ணாடிக்குள்ளதான் பாக்குறேன். நான் பாத்தத நாலு பேரு பாக்குறது அந்த ஒரு மணி நேரம்தான்.”

வேறு யாராக இருந்தாலும் அந்த வருடம் பத்தினிப் பெண் கதை ஒன்றைப் போட்டுப் பிழைத்திருப்பார்கள். அக்கா ஆடு திருடும் கதையை எடுத்தார்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம். தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கும் தீர்ந்துவிட்டது. ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் மட்டும் ஒரு கிடா இருக்கிறது, கழுத்தில் மணியோடு. மூன்று பெண்கள் அதை அவிழ்த்து ஆற்றைக் கடத்திக் கொண்டுபோகிறார்கள். இங்கேதான் அக்காவுக்குச் சிக்கல். நனைந்த ஆடு என்ன செய்யும்? உடம்பைச் சிலுப்பும். சிலுப்பினால் மணி அடிக்கும். அடித்தால் கிராணி எழுந்துவிடுவான். வீட்டருகே மணியைக் கழற்றப் போனாலும் அடிக்கும். அந்தப் பெண்கள் எப்படிச் சமாளித்திருப்பார்கள்? யோசித்துப் பயனில்லை, ஆடு வேண்டும் என்றார் அக்கா.

எங்கள் தாமான் முழுக்க ஒரே ஒரு ஆடுதான் இருந்தது. தலைவர் வீட்டுக் கிடா. தலைவரின் மனைவிக்கு வயிற்றில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நல்லபடியாக எழுந்துவிட்டால் கிடா வெட்டுகிறேன் என்று தலைவர் முனீஸ்வரருக்கு நேர்ந்திருந்தார். அந்த அம்மா எழுந்துவிட்டார். உலு திராம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கருப்புக் கிடா வந்து, அவர்களுடைய மூலை வீட்டின் ரம்புத்தான் மரத்தில் கட்டப்பட்டது.

“அலாமாக், அக்கா, அது தலைவர் ஆடு லா” என்றாள் சரசு.

“அதனாலதான். தெரியாத ஆள் ஆட்டத் திருடுனாத்தான் தப்பு.”

இப்படித்தான் நாங்கள் மூன்று பேர், இரண்டு பேர் பிள்ளை பெற்றவர்கள், ஒருத்தி லைன் சூப்பர்வைசர், ஆடு திருடப் போனோம். இரவு வேலை முடிந்து காலையில் வீடு வருவோம். அந்த நேரத்தில் தலைவர் டயர் கடையில் இருப்பார், அம்மா கோயிலில் இருப்பார். கிடாவை அவிழ்த்துச் சரசுவின் குட்டிக் காரில் ஏற்றி, ஒரு சேலையைச் சுற்றி, தலைக்குத் துண்டு போட்டு, தாமானுக்குப் பின்னால் இருக்கும் திடலுக்குக் கொண்டுபோவோம். முதல் நாளே சந்து முனையில் ஒரு பாட்டையா வழிமறித்து, பின்னால் யார் என்று கேட்டார். சரசுவின் மாமியார், பெக்கான் நானாஸிலிருந்து வந்திருக்கிறார் என்றேன். அவர் குனிந்து வணக்கம் சொன்னார். கிடா பதில் சொன்னது. ஐயோ பாவம், நெஞ்சுச்சளி கட்டியிருக்கிறது, மூலிகைத் தைலம் தேயுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரசுவுக்கு உண்மையிலேயே சொந்த ஊர் பெக்கான் நானாஸ். வாரா வாரம் அங்கிருந்து அன்னாசி வரும். அதன் தோல்தான் எங்கள் ஆயுதம். கிடாவின் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவோம். அக்கா முதுகில் கையைப் பதித்து, மூக்குக்கு நேராகத் தோலைக் காட்டுவார். சிலுப்பினால் தோல் கிடையாது. சிலுப்பாமல் நின்றால் உண்டு. அக்கா தன் தொடையில் இரண்டு தட்டுத் தட்டின பிறகுதான் சிலுப்பலாம். ஆற்றைக் கடந்து மணியைக் கழற்றியாயிற்று என்று அதற்கு அர்த்தம். கிடா எங்களைவிடக் கெட்டி. சீக்கிரமே முதுகில் கை வைக்க வேண்டியதே இல்லை என்று ஆயிற்று. தண்ணீர் பட்டதும் கல் மாதிரி நிற்கும். கண் மட்டும் அக்காவைத் தேடும்.

“ஆட்டுக்கு எல்லாம் மனப்பாடம் ஆயிருச்சு. உங்க ரெண்டு பேருக்குத்தான் இன்னும் வசனம் வரல” என்று எங்களைத் திட்டுவார்.

ஒவ்வொரு நாளும் தலைவர் வருமுன்னே திருடியதைத் திருப்பிக் கட்டிவிடுவோம். ஒரே ஒரு நாள் தலைவர் சீக்கிரம் வந்துவிட்டார். மரத்தில் கயிறு மட்டும் தொங்கியது. மனிதர் பயந்துபோய்க் கோயிலுக்கு ஓடி முனீஸ்வரர் காலில் விழுந்து எழுந்து வந்து பார்த்தால், கிடா இருந்த இடத்தில் நிற்கிறது, சொட்டச் சொட்ட நனைந்து. அன்றிலிருந்து தலைவர் சொல்ல ஆரம்பித்தார், முனியே வந்து தன் கிடாவைக் குளிக்கக் கூட்டிப் போகிறார் என்று. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கிடாவைத் தொட்டுக் கும்பிட ஆட்கள் வந்தார்கள். நாங்கள் வேனில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா மட்டும், இது நாடகத்துக்கு நல்ல காட்சி, ஆனால் யாரும் நம்பமாட்டார்கள் என்று வருத்தப்பட்டார்.

பூசை நாள் வந்தது. வேப்பமரத்தடியில் முனீஸ்வரர், சுருட்டு, எலுமிச்சம்பழம், அருவாள். தாமானே வந்திருந்தது, பிறகு சாப்பாடு உண்டு என்பதால். மாலை போட்டுக் கிடாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

அந்தச் செம்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, வெட்டலாம். சிலுப்பாவிட்டால் சாமி ஏற்கவில்லை. பால்குடி வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற காரியம். நாங்கள் மூன்று பேரும் அத்தனை நாள் அந்த ஆட்டைச் சிலுப்பாமல் நிற்கப் பழக்கினோமே, ஒருத்திக்காவது இது ஞாபகம் வந்ததா?

தண்ணீர் விழுந்தது. கிடா கல்லானது.

மேளக்காரர்கள் அடியை ஏற்றினார்கள். இன்னொரு செம்பு. காதிலிருந்து மஞ்சள் சொட்டுகிறது, கிடா அசையவில்லை. மெல்லத் தலையைத் திருப்பிக் கூட்டத்தில் தேடியது. அக்காவைக் கண்டுபிடித்துவிட்டது. அவரையே பார்த்துக்கொண்டு, தோலுக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

தலைவருக்கு வேர்த்துக் கொட்டியது. குத்தம் ஏதும் இருந்தால் சொல்லிவிடு என்றார் பூசாரி. தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, போன வருடம் நேர்ந்த தேங்காயில் பாதியைத்தான் உடைத்தேன் என்றார். தண்ணீர் தெளித்தார்கள். கிடா நின்றது. மச்சான் முன்னால் வந்து, கோயில் வயரைத்தான் கரோக்கே செட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறேன் என்றான். தெளித்தார்கள். நின்றது. பின்வரிசையில் ஒருவர், அன்னதானக் கறியில் உப்புக் கூடியது தன்னால்தான் என்றார். இப்படி ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல அக்கா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆயுசுக்கும் எழுதினாலும் இப்படி ஒரு காட்சி அமையாது என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

சரசு அவர் காதில், “தட்டுங்கக்கா. ரெண்டே தட்டு. முடிஞ்சிரும்” என்றாள்.

அவள் சொன்னதும் சரிதான். தொடையில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். கிடா சிலுப்பும், வெட்டுவார்கள், சாப்பிடுவோம். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. நாடகமும் இருக்கும். அக்காவின் கை தொடை வரை போனது. கிடா அந்தக் கையைப் பார்த்தது.

அப்போது தலைவரின் மனைவி பூசாரியிடம் மெதுவாகக் கேட்டார். “அப்ப எனக்கு மறுபடியும் வருமாங்க சாமி?” கேட்கும்போது ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

அக்கா கையை எடுத்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கிடாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

“வராதும்மா. சாமி ஒண்ணும் சொல்லல. நாந்தான் இதத் திருடிட்டுப் போயி, நனைஞ்சா நிக்கணும்னு பழக்கி வச்சிருக்கேன்.”

மேளம் நின்றது. அக்கா ஆதியிலிருந்து சொன்னார்: ஆறு, மணி, அன்னாசித் தோல், கார், மாமியார். எங்கள் பெயரை மட்டும் சொல்லவில்லை. சரசு விம்மினாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், பார்த்தவர்களுக்கு விளங்கிவிட்டது. தலைவருக்கு முகம் சிவந்தது. முனி குளிப்பாட்டுகிறார் என்று டயர் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்ன மனிதர்.

அப்படியானால் இப்போது சிலுப்ப வையுங்கள் என்றார்.

“நான் சொன்னா சிலுப்பும், தலைவரே. ஆனா அது என் உத்தரவு. சாமி உத்தரவு இல்ல.”

பூசாரி அருவாளைக் கீழே வைத்துவிட்டார். அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஒரு பூசணிக்காயை வெட்டிப் பூசையை முடித்தார். எல்லாரும் சாம்பார் சோறு சாப்பிட்டோம். கறி இல்லாத கோபத்தில், பரிமாறியவர்கள் எங்கள் இலைக்கு அப்பளம் போடவில்லை. தலைவர் கை கழுவிவிட்டு வந்து அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், இனிமேல் நாடகம் இல்லை.

அக்கா சரி என்றார். வேனில் வழக்கம்போலப் பேசிக்கொண்டு வந்தார். ஆனால் யாருடைய துடைப்பமும் காணாமல் போகவில்லை. சரசுவின் வீட்டு வாசலில் வேண்டுமென்றே ஒரு புதுக் குடையை விட்டுப் பார்த்தோம். அது அங்கேயே கிடந்தது. அப்போதுதான் எங்களுக்குப் பயம் வந்தது.

ஒரு நாள் காலையில் தலைவரின் மனைவி எங்கள் மூவரையும் வரச் சொன்னார். போனால், அடுப்படியில் உட்கார வைத்துத் தோசை போட்டார். அந்தக் கிடாவுக்கு நாடகத்தில் என்ன ஆகும் என்று கேட்டார். எத்தனை நாளாகவோ மனசில் வைத்திருந்திருக்கிறார். அக்கா தொடங்கினார். கிராணியாக, ஜப்பான்காரனாக, மூன்று பெண்களாக, ஆறாக, ஆடாகத் தானே நடித்துக் காட்டினார். அம்மா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூடத்தில் தலைவர் டிவி பார்ப்பதுபோல் இருந்தார். சத்தத்தை மட்டும் குறைத்து வைத்திருந்தார்.

கிராணி எழுந்து ஆட்டைக் காணாமல் கத்துகிற இடம் வந்தது. அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார். கூடத்திலிருந்து குரல் வந்தது.

“ஆடு போனவன் அப்படிக் கத்தமாட்டான்.”

“பின்ன எப்படிக் கத்துவான்?” என்றார் அக்கா.

தலைவர் வாசற்படிக்கு வந்து நின்றார். “கத்தவே மாட்டான். கயித்தப் பாப்பான். கையில எடுத்து, நுனி அறுந்திருக்கா, அவுத்திருக்கான்னு பாப்பான். அவுத்திருந்தா இன்னும் பயமா இருக்கும்.”

அக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பூதக்கண்ணாடிக்குக் கீழே பழுதே இல்லாத பலகை வந்துவிட்டால் அப்படித்தான் பார்ப்பார்.

“ஆடு பறிகுடுத்தவரு இந்தத் தாமான்லயே நீங்க ஒருத்தர்தான், தலைவரே. கிராணி வேஷம் நீங்க கட்டுங்க.”

அவர் மறுத்தார். கோயில் தலைவர் மேடை ஏறி வேஷம் கட்டுவதா என்றார். தன் தம்பி தாராளமாகப் பாடட்டும், நாடகம் முடிந்து, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு பாடட்டும் என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். தலைவர் இன்னொரு தோசையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு, கிராணிக்கு மீசை உண்டா என்று விசாரித்தார்.

அதற்குப் பிறகு டயர் கடைக்குப் போனவர்கள் பாடு திண்டாட்டம். சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே தலைவர் “புடிங்க அந்தத் திருடிங்கள” என்று வசனம் சொல்லிப் பார்ப்பார். மூன்று விதமாகச் சொல்லி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்பார். கிடா அவர் வீட்டிலேயே நின்றது. ஒத்திகைக்கு அவரே கூட்டி வந்தார், சேலை சுற்றாமல்.

திருவிழா அன்று கூட்டம் பக்கத்துத் தாமான்களிலிருந்தும் வந்திருந்தது. அக்கா எழுதியிருந்தபடி, நாங்கள் கிடாவோடு மேடையைக் கடந்தோம். நிஜத் தண்ணீர்தான் ஊற்றினார்கள். நானும் சரசுவும் அக்காவும் நனைந்த சேலையில், காலடியெல்லாம் தண்ணீர். கிடா சிலுப்பாமல் நின்று கைத்தட்டல் வாங்கியது. கிராணி வந்தார். கயிற்றை எடுத்து நுனியைப் பார்த்தார். கச்சாங் சத்தம்கூட இல்லை. தலையை நிமிர்த்தினார். எதிரே நாங்கள் மூன்று பேர், நடுங்கிக்கொண்டு. விளக்கு வெளிச்சத்தில் எங்கள் முகத்தில் என்ன பார்த்தாரோ தெரியவில்லை. இங்கே அவர் கையை நீட்டி, “புடிங்க அந்தத் திருடிங்கள” என்று கர்ஜிக்க வேண்டும்.

கை நீண்டது. வாய் திறந்தது.

“பாத்துப் போங்கம்மா. வழுக்கும்” என்றார் தலைவர்.

முன்வரிசையில் தலைவரின் மனைவி முதலில் சிரித்தார், அதற்குப் பிறகு எல்லாரும். தலைவர் பதறிப்போய், தப்பு, தப்பு, மறுபடியும் சொல்கிறேன் என்று மேடையிலேயே எங்களிடம் கெஞ்சினார். சரசு அவருக்கு வசனத்தை எடுத்துக் கொடுக்க வாயெடுத்தாள். அக்கா நனைந்த கையால் அவள் வாயைப் பொத்தினார்.

“சும்மா இரு. அவரு சரியாத்தான் சொன்னாரு” என்று சொல்லிவிட்டு, தலைவர் சொன்னபடியே பார்த்துப் பார்த்து அடி வைத்து, கிடாவை நடத்திக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார்.